அக்கா கொடுத்த இரண்டாவது கார்டு

எழுத வராதவள் எழுதுகிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன். அதற்கப்புறம் கையில் பிடித்தது களைக்கொத்துதான். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னால் நடந்தது பின்னால் வரும், சில ஊர்ப் பெயர் வராமலே போகும். நாலு பேர் எதிரில் எனக்கு எப்போதும் பேச்சு எழும்பாது. தாள் என் முகத்தைப் பார்க்காது என்பதால் துணிந்துவிட்டேன்.

எதிர் வீட்டில் இருந்த அக்காவைப் பற்றித்தான் எழுத வேண்டும். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அவருக்குப் பிடிக்காது. “பேரு வெளிய போச்சுன்னா?” என்று கேட்பார். அவர் அப்படித்தான். யார் எதைக் காட்டினாலும் முதலில் அது கெட்டுப்போனால் என்ன செய்வாய் என்றுதான் கேட்பார். தெருவில் முதல் பிரிட்ஜ் வாங்கியவர்கள் கூப்பிட்டுக் காட்டினார்கள். திறந்து பார்த்தார், குளிர்ச்சியில் கையை வைத்துப் பார்த்தார், “கரண்டு போச்சுன்னா?” என்றார். ரேஷன் கடையில் விரல் வைக்கும் மெஷின் வந்தபோது, “எங்க ரேகை தேஞ்சு போச்சுன்னா அரிசி யாருக்குப் போவும்?” என்று கேட்டு கடைக்காரரை முறைக்க வைத்தார். தெருப்பிள்ளைகள் அவருக்கு ‘போச்சுன்னா அக்கா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளையை அனுப்பும்போது, அக்கா வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துத்தான் வெளியே விடுவார்கள்.

ஒரு தை மாதம் தெருப் பெண்கள் எல்லோரும் பஸ் ஏறி ஒகேனக்கல் போனோம். பரிசலில் ஏறும் இடத்தில் அக்கா நின்றுவிட்டார்.

“ஏம்ப்பா, நடு ஆத்துல கவுந்துச்சுன்னா?”

பரிசல்காரர் சிரிக்காமலே சொன்னார். “கவுந்துச்சுன்னா நீங்க காசு குடுக்க வேணாங்க. ஏறுங்க.”

எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. தனக்குக் கொடுத்த மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பரிசல்காரரும் ஒன்று போட்டால்தான் ஏறுவேன் என்று நின்றார். “நீ முங்கிட்டீன்னா துடுப்பு யாரு போடறது? இவளுவளா?” அவர் முணுமுணுத்துக்கொண்டே போட்டுக்கொண்ட பிறகுதான் பரிசல் நகர்ந்தது.

இது பரவாயில்லை. என் நாத்தனார் மகளுக்கு நிச்சயம் நடந்தபோது செய்ததுதான் பெரிய கூத்து. மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறவர். பெண்ணுக்குப் போடுகிற நகையைத் தட்டில் வைத்துக் காட்டுகிறார்கள். கூட்டத்தில் இருந்து அக்கா குரல் வந்தது.

“மாப்பிள்ள தெனமும் தொப்பூர் எறக்கத்துல வண்டி எறக்கறவரு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா இந்த நகை யாருக்கு? அத இப்பவே பேசிடுங்க.”

“வாய்ல மண்ண அள்ளிப் போட! நல்ல காரியத்துல என்னா பேச்சு பேசற நீ?” என்று மாப்பிள்ளையின் அத்தை எழுந்துவிட்டார். அக்காவைச் சாப்பிடாமலே அனுப்பினார்கள். அந்த மாப்பிள்ளை இன்றைக்கும் லாரிகள் அடிக்கடி கவிழ்கிற அதே இறக்கத்தில்தான் லாரி ஓட்டுகிறார், நன்றாகத்தான் இருக்கிறார். அக்கா கேட்டதெல்லாம் நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். முக்கால்வாசி நடக்கவில்லை. பிரிட்ஜும் நன்றாகத்தான் ஓடியது.

அப்படிப்பட்டவரிடம்தான் என் பிள்ளையின் கதி போய் நின்றது.

எனக்கு ஒரே மகன். அவன் அப்பா போய்ச் சேர்ந்து பல வருசம் ஆகிறது. மகன் மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலையில் இருந்தான். “ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போம்மா” என்று எனக்குப் பாஸ்போர்ட்டும் எடுத்துவைத்திருந்தான். நான்தான் தக்காளி முடியட்டும், சாமந்தி முடியட்டும் என்று தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் அவனோடு வேலை செய்கிற தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளை போன் செய்தான். மகன் ரோட்டைக் கடக்கும்போது வண்டி மோதிவிட்டது. உயிருக்குப் பயமில்லை. காலில் எலும்பு உடைந்து வெளியே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கழுவிக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். கம்பி வைத்துப் பெரிய ஆபரேஷன் செய்ய வேண்டும். வெளிநாட்டு ஆள் என்பதால் முன்பணம் கட்டினால்தான் அடுத்த வேலை. முதலாளி தன்னால் முடிந்ததைக் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

“என் பேருக்கு அனுப்பினா வந்து சேர நாளாகும்மா. சொந்தம்னு ஒருத்தர் கையெழுத்தும் வேணுங்கிறாங்க. நீங்களே பணத்தோட வந்துடுங்க. புண்ணு கெட்டுப் போறதுக்குள்ள வந்துடுங்க” என்றான்.

என் தம்பி ஓடி வந்து நகைகளை அடகு வைக்க எடுத்துக்கொண்டு போனான். அழுகிறதற்கு அக்கம்பக்கம் எல்லாம் வந்தது. அக்காவும் வந்தார். அவர் அழவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“காச எப்படி எடுத்துட்டுப் போவ?”

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. “வந்துட்டாங்கப்பா. இடுப்புல கட்டிட்டுப் போவும். போதுமா?”

“எவனாச்சும் அறுத்துட்டான்னா?”

“அக்கா, உங்க வாய கொஞ்சம் மூடறீங்களா?”

ஆனால் அக்கா கேட்டதற்கப்புறம் இடுப்பில் கட்டிக்கொண்டு போக எனக்குத் துணிவில்லை. மறுநாள் தம்பியும் நானும் தர்மபுரிக்குப் பஸ் ஏறினோம். அக்கா கூப்பிடாமலே பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தார்.

பேங்கில் ஒரு இளம் பெண், பொறுமையான பிள்ளை, எல்லாவற்றையும் விளக்கினாள். “மூணு வழி இருக்குங்கம்மா. நோட்டா மாத்திக்கலாம், அதுக்கு ஒரு அளவு உண்டு. இல்லன்னா உங்க ஏ.டி.எம். கார்டையே அங்கயும் போட்டு எடுக்கலாம், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் புடிப்பாங்க. இல்லன்னா டிராவல் கார்டு. அந்த ஊர்ப் பணமா இங்கயே ஏத்திக் குடுத்துடுவோம். ஆஸ்பத்திரில நேரா அத வெச்சே கட்டிடலாம்.”

சொல்லிவிட்டு என் கணக்கைத் திறந்து பார்த்தவள் முகம் மாறியது. “உங்களுக்கு ஏ.டி.எம். கார்டே இல்லையேம்மா. கைரேகைக் கணக்குல்ல இது? பாஸ்போர்ட்டுல கையெழுத்துப் போட்டிருக்கீங்க?”

அது எங்கள் ஊர்க் கதை. மகளிர் குழுவுக்காக எல்லோருக்கும் ஒரே நாளில் கணக்குத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் நீண்ட வரிசை. கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் போட்டால் பொழுது சாய்ந்துவிடும் என்று, “எல்லாரும் கட்ட விரல வெச்சிட்டு நகருங்க” என்று சொல்லிவிட்டார்கள். எழுதத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் மைப்பெட்டியில் விரலைத் தொட்டு வைத்துவிட்டு வந்தோம். எங்கள் தெருவில் பாதிப் பெண்களுக்குக் கணக்கு இப்படித்தான் இருக்கிறது. கைரேகைக் கணக்குக்குக் கார்டு தர மாட்டார்களாம். டிராவல் கார்டுக்குப் பணம் எடுக்கவும் என் கையெழுத்து பேங்கில் இருக்க வேண்டுமாம்.

மகன் அங்கே கிடக்கிறான், நான் இங்கே கட்டை விரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மேனேஜர் நல்லவர். இரண்டு பேரைச் சாட்சி வைத்து, போட்டோ ஒட்டி, அன்றைக்கே மாற்றிக்கொடுத்தார். சாயங்காலம் ஒரு கவரில் டிராவல் கார்டு வந்தது. அது தொலைந்தால் மாற்ற என்று உள்ளே இன்னொன்றும் இருந்தது. ரகசிய எண் நான்கு இலக்கம்.

தம்பி “கெளம்பலாம்” என்றான். அக்கா கிளம்பவில்லை.

“பாப்பா, இது அங்க ஓடலன்னா?”

“ஓடுங்கம்மா.”

“ஓடலன்னா?”

“எங்களுக்குப் போன் பண்ணலாம்.”

“போனு ஓடலன்னா?”

வரிசையில் நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். எனக்கு உடம்பு கூசியது. அக்கா இரண்டு கார்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “ரெண்டும் ஒரே பொட்டிக்குத்தான சாவி? பொட்டியே பூட்டிக்கிச்சுன்னா?”

அந்தப் பெண் இரண்டு கார்டையும் எடுத்துக் கவருக்குள் போட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “வேற பேங்க் கார்டு ஒண்ணும் கைல இருந்தா நல்லதுதாங்கம்மா.”

அந்த வார்த்தைதான். அக்கா அதைப் பிடித்துக்கொண்டார்.

அவரிடம் ஒரு கார்டு இருந்தது. வேறு பேங்க். அதைச் சுருக்குப்பைக்குள் ஒரு பை, அதற்குள் ஒரு பை என்று வைத்திருந்தார். எங்கேயும் போகாத பொம்பளை எதற்குக் கார்டு வைத்திருக்கிறார் என்று தெருவில் கேலி செய்வார்கள். மாதம் ஒரு தடவை பஸ் ஏறிப் போய், மெஷினில் நூறு ரூபாய் எடுப்பார். அதை அப்படியே உள்ளே போய்த் திரும்பக் கட்டிவிட்டு வருவார். “உசுரு இருக்குதான்னு பாத்தன்” என்பார். ஆனால் அது வெளிநாட்டில் ஓட வேண்டும் என்றால் பேங்கில் சொல்லித் திறந்துவிட வேண்டும். ஓட்டமாக ஓடினோம். அன்றைக்கு அங்கே கம்ப்யூட்டர் லைன் இல்லை, நாளைக்கு வாங்க என்றுவிட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டிக்கெட் போடுகிற கடை. பெங்களூரில் இருந்து மறுநாள் விமானத்தில் இடம் இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. “எதுல போடட்டும்?” என்று கடைக்காரர் கேட்டார்.

“நாளைக்கு” என்றான் தம்பி.

“நாளன்னைக்கு” என்றார் அக்கா.

“அங்க புண்ணு அழுவிப் போவுது. இது ஓடலன்னா அது ஓடலன்னான்னு சொல்லியே பையன கொன்னுடுவீங்க போல!”

அக்கா அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். அவர் குவைத்தில் வீட்டு வேலை செய்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை. அந்தக் கடை வாசலில்தான் சொன்னார்.

“எங்கம்மாவுக்கு முடியலன்னு சேதி வந்துச்சு புள்ள. சம்பளமெல்லாம் கார்டுல கெடந்துச்சு. கார்டு அந்த வூட்டுக்காரி கைல. கெஞ்சி வாங்கிட்டு டிக்கெட்டுக்குக் காசு எடுக்கப் போனன். மெசினு கார்ட உள்ள இழுத்துக்கிச்சு. வெளிய வுடல. வெயில்ல நின்னு அந்த மெசின கையால குத்தினன். பாஷையும் தெரியாது. எங்கம்மாவ எடுத்து முடிச்ச பொறவுதான் நான் ஊருக்கு வந்தன். ஒண்ணுதான் இருந்துச்சு புள்ள எங்கிட்ட. ஒண்ணே ஒண்ணு.”

கடைக்காரர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். தம்பி என்னைப் பார்த்தான். அக்கா என்னைப் பார்த்தார். என் வாயில் இருந்து வந்த சத்தம் எனக்கே கேட்கவில்லை.

“நாளன்னைக்கே போடுங்க.”

தம்பி வெளியே போய்விட்டான். மறுநாள் லைன் வந்தது, கார்டைத் திறந்துவிட்டார்கள். அக்கா அதை என் ஜாக்கெட்டுக்குள் ஊசி குத்தி வைத்தார். மற்றவற்றைப் பையில் வைக்கச் சொன்னார். பெற்ற மகளுக்கே சொல்லாத தன் ரகசிய எண்ணை என் காதில் மூன்று தடவை சொன்னார். பஸ் கிளம்பும்போது ஜன்னலுக்குக் கீழே நின்றார். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மலேசியா ஆஸ்பத்திரியில் மகனைப் பார்த்தேன். அதை எழுத என்னால் முடியாது. காலுக்கு மேல் துணி மூடியிருந்தது. வாடை அடித்தது. “வந்துட்டியாம்மா” என்றான், அவ்வளவுதான்.

பணம் கட்டும் இடத்தில் முக்காடு போட்ட ஒரு பெண் கார்டை வாங்கி மெஷினில் செருகி என் பக்கம் திருப்பினாள். தஞ்சாவூர்ப் பிள்ளை பக்கத்தில் நின்றான். “ஆறு நம்பர் போடச் சொல்றாங்கம்மா” என்றான். அந்த ஊர்க் கார்டுகளுக்கு ஆறு எண்களாம். என் கார்டுக்கு நான்குதான் கொடுத்திருந்தார்கள். பின்னால் ஆட்கள் நின்றார்கள், அந்தப் பெண் ஆறு விரலைக் காட்டினாள். முன்னால் இரண்டு பூஜ்யம் சேர்த்து அழுத்தினேன். சிவப்பு விளக்கு. பின்னால் சேர்த்து அழுத்தினேன். சிவப்பு. இன்னொரு தடவை அழுத்தியதும் மெஷின் கூவியது. கார்டு பூட்டிக்கொண்டது. தஞ்சாவூர்ப் பிள்ளை போனில் எங்கள் பேங்கைக் கேட்டால், மாற்றுக் கார்டைத் திறக்க என் போனுக்கு ஒரு எண் வரும், அதைச் சொல்ல வேண்டும் என்றார்கள். என் போன் அந்த ஊருக்கு வந்ததில் இருந்து செத்துக் கிடந்தது.

அந்தப் பளபளப்புத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மாடியில் என் பிள்ளை. என் பையில் அவனைக் காப்பாற்றுகிற பணம். அதை எடுக்க வழி இல்லை. யார் காலைப் பிடிப்பது என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணின் காலைப் பிடிக்கத்தான் போனேன், அவள் பதறி எழுந்துவிட்டாள்.

ஊசியைக் கழற்றி அக்காவின் கார்டை எடுத்தேன். கீழே ஒரு ஏ.டி.எம். இருந்தது. அது ஆறு என்று கேட்கவில்லை. காதில் கேட்ட எண்ணை அழுத்தினேன். உள்ளே ஏதோ சுற்றியது. நோட்டு வந்தது.

ஆனால் அக்கா கணக்கில் இருந்தது கொஞ்சம்தான். தஞ்சாவூர்ப் பிள்ளையின் போனில் தம்பியைக் கூப்பிட்டேன். டிராவல் கார்டில் ஏற்றியது போக மீதி இருந்த நகைப் பணத்தை அவன் எடுத்துக்கொண்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு, தெரிந்தவர் வண்டி பிடித்துத் தர்மபுரிக்கு ஓடினான். அக்கா கணக்கில் போட்டார்கள். நான் எடுத்தேன். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று மெஷின் நிறுத்திவிட்டது. மறுநாள் மீதியை எடுத்தேன். கட்டினேன். அதற்கப்புறம்தான் உள்ளே கொண்டுபோனார்கள்.

கம்பி வைக்கவில்லை. புண்ணில் பிடித்த சீழ் உள்ளே பரவிவிட்டது என்று முட்டிக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

டாக்டரிடம் நான் கேட்டேன். என் வாழ்க்கையில் முன்பின் தெரியாத ஒருவரிடம் நானாகக் கேட்டது அது ஒன்றுதான். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் கால் இருந்திருக்குமா என்று கேட்கச் சொன்னேன். தஞ்சாவூர்ப் பிள்ளை கேட்டான். டாக்டர் நிறைய நேரம் பேசினார், கையைக் காட்டிக் காட்டிப் பேசினார். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, “ஒண்ணும் தெளிவா சொல்லலம்மா” என்றான். அவ்வளவு நேரம் பேசினதற்கு அவ்வளவுதானா என்று நான் கேட்கவில்லை.

மகனைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தபோது தெருவே வந்து பார்த்தது. அக்கா வரவில்லை. சில நாள் பார்த்துவிட்டு நானே போனேன். கதவு திறந்துதான் இருந்தது. கார்டை நீட்டினேன். வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“ஓடுச்சா?”

“ஓடுச்சுக்கா. அது இல்லன்னா நான் அங்க பிச்சதான் எடுத்திருப்பன்.”

தலையாட்டினார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“ஒரு நா முன்னாடி போயிருந்தீன்னா?”

நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். அப்போதும் கால் போயிருக்கும் அக்கா என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்குத்தான் பேச்சு எழும்பாதே. எழுந்து வந்துவிட்டேன்.

அவர் மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. இரவில் மகன் தன் இல்லாத காலைச் சொறியக் கையை நீட்டும்போது இருந்தது. ஊசி குத்தி வைத்த அந்தக் கையை நினைக்கும்போது இல்லை. இரண்டும் ஒரே நாளில் வரும், ஒன்று போனால் இன்னொன்று.

அதற்கப்புறம் அக்கா யாரையும் எதுவும் கேட்கவில்லை. தெருக்கோடி வீட்டில் பேட்டரி வண்டி வாங்கினார்கள். வேண்டுமென்றே அக்கா வீட்டு எதிரில் கொண்டுவந்து நிறுத்தி, “எப்படி இருக்குதுங்கக்கா?” என்று சிரித்துக்கொண்டே நின்றார்கள். அக்கா வண்டியைப் பார்த்தார். “நல்லாருக்குது சாமி” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நின்றவர்கள் முகத்தில் சிரிப்பு நிற்கவில்லை. கேலி செய்யப் போனவர்களுக்கே என்னவோ போல் ஆகிவிட்டது. மழை தொடங்குவதற்கு முன்னால் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார், உடம்புக்கு ஒன்றும் பெரிதாக இல்லை என்றுதான் சொன்னார்கள்.

இதைப் படிக்கிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் நான் எழுதியது சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். அந்த ஊர் மெஷினில் நாலே எண்ணைப் போட்டு அழுத்தியிருந்தால் என் கார்டு அப்போதே ஓடியிருக்குமா? டிராவல் கார்டு, சாதாரணக் கார்டு என்று நான் பிரித்து எழுதியது சரியா? எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். எலும்பு வெளியே வந்த புண் எத்தனை நாள் தாங்கும் என்று டாக்டர்கள் யாருக்காவது தெரிந்தால் அதையும் எழுதுங்கள். அந்த ஒரு நாளால்தான் போனது என்றாலும் எழுதுங்கள், மறைக்க வேண்டாம். அக்கா கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.